வியாழக்கிழமைகளில் இல்லாதவள்

அந்தக் குடியிருப்பில் அவளைச் செக்கர் வீட்டம்மா என்றுதான் சொல்வார்கள். கணவர் பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகர். அவர் அந்த வேலையில் சேர்வதற்கு முன்பே அவள் பெரிய ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் சேர்ந்துவிட்டாள். ஆனாலும் அவரை யாரும் சலவைக்காரம்மா வீட்டுக்காரர் என்று சொன்னதில்லை. அப்படியும் சொல்லலாமே என்று அவளுக்கே தோன்றியதில்லை.

சலவைப் பிரிவு ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில் இருந்தது. ஜன்னல் கிடையாது. மேலே வார்டுகளிலிருந்து அழுக்குத் துணி மூட்டை மூட்டையாக அகலமான இரும்புக் குழாய் வழியே வந்து விழும். பிரித்து, துவைத்து, உலர்த்தி, மடித்து மறுபடி மேலே அனுப்ப வேண்டும். மெஷின் ஓட்டுவது ஆண்கள். பிரிப்பதும் மடிப்பதும் பெண்கள். இப்படித்தான் இருக்க வேண்டும் என்று யாரும் எழுதி ஒட்டவில்லை. என்றாலும் அப்படித்தான் இருந்தது. பிரிக்கிற இடத்தில் அவள் பல வருஷம் நின்றவள். டாக்டர்களின் கோட்டுப் பைகளில் கத்தரிக்கோல், பேனா, சில சமயம் ஊசி கூட இருக்கும். ஆகவே பையைத் தொட்டுப் பார்க்காமல் எந்தத் துணியையும் உள்ளே போட மாட்டாள். அந்தப் பழக்கம் வீட்டிலும் தொடர்ந்தது. கணவருடைய சட்டைப் பையில் கை விடுவாள். சந்தேகப்பட்டு அல்ல, கை தானாகப் போகும்.

கணவர் கெட்டவர் என்று யாரும் சொல்லிவிட முடியாது. குடி கிடையாது, கை ஓங்கியது கிடையாது. வேலை முடிந்து வந்தால் நாற்காலியில் உட்கார்ந்து கையை நீட்டுவார். கைக்கு டம்ளர் வரும். குளித்துவிட்டு வந்தால் கட்டில்மேல் மடித்த சட்டை இருக்கும். அவளும் அதே நேரத்துக்கு வேலை முடிந்து வந்தவள்தான். அது அவருக்கும் தெரியும், தெரியாது என்று சொல்ல முடியாது. இப்படியே ஒரு பெண்ணைப் பெற்று, வளர்த்து, கட்டிக்கொடுத்து வேறு ஊருக்கும் அனுப்பியாகிவிட்டது.

அப்படிப்பட்ட மனிதர் ஒருநாள் காலை டம்ளரோடு வந்து அவள் கட்டில் பக்கத்தில் நின்றார்.

அவள் பதறி எழுந்தாள். "என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல. டீ போட்டேன்."

"யாருக்கு?"

"உனக்குத்தான்."

வாங்கிக் குடித்தாள். டீ கழுநீர் மாதிரி இருந்தது. டம்ளருக்கு மேலாக அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் ஜன்னலைப் பார்த்தார்.

அதோடு நின்றிருந்தால் ஏதோ கனவு கண்டு எழுந்தார் என்று விட்டிருப்பாள். நிற்கவில்லை. அடுத்து வெங்காயம் நறுக்க உட்கார்ந்தார். அரிசிக்குத் தண்ணீர் எவ்வளவு என்று கேட்டார். வெள்ளைத் துணியைத் தனியாக ஊறவைக்க வேண்டுமா, சேர்த்தே போடலாமா என்று கேட்டார். ஒருநாள் வேலையிலிருந்து வந்து பார்த்தால் அலமாரியில் எல்லா டப்பாவிலும் காகிதம் ஒட்டியிருக்கிறது. உப்பு, சர்க்கரை, சோடா மாவு என்று அவருடைய கோணல் எழுத்து.

"இதெல்லாம் எதுக்கு? எது எங்க இருக்குன்னு எனக்குத் தெரியாதா?"

"உனக்குத் தெரியும். சும்மாதான் ஒட்டினேன்."

சும்மா என்ற வார்த்தைதான் அவளை உறுத்தியது. பயணிகளிடம் அந்த வார்த்தையைக் கேட்டாலே அவருக்குக் கோபம் வரும். டிக்கெட் இல்லாதவன்தான் முதலில் சும்மா என்று ஆரம்பிப்பான் என்பார்.

மாடி நடையில் அவர் துணி காயப்போடுவதை எதிர்வீட்டம்மா பார்த்துவிட்டாள். குடியிருப்பு முழுக்க அதே பேச்சு. "நீங்க கொடுத்து வெச்சவங்க" என்று ஆளுக்கு ஆள் சொன்னார்கள். அந்தக் கொடியில் அவள் எத்தனை வருஷமாகத் துணி போடுகிறாள். நீ கொடுத்து வைத்தவனய்யா என்று அவரிடம் யாராவது ஒருவர் சொல்லியிருப்பார்களா? அவள் சிரித்து வைத்தாள். உள்ளுக்குள் எரிந்தது. எரிச்சலுக்கு அடியில் அரித்தது சந்தேகம்.

இப்போது மடிக்கிற மேஜைக்கு மாறியிருந்தாள். அங்கே அவளுக்கு ஜோடி நெட்டை. வயதில் சின்னவள், உயரம் மட்டும் அளவில்லாமல் கிடைத்தவள். பெரிய படுக்கை விரிப்புகளை ஒருத்தியால் மடிக்க முடியாது. ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்து, பின்னால் நகர்ந்து, உதறி இழுத்து, மறுபடி நெருங்கி வந்து முனைகளைச் சேர்க்க வேண்டும். அதனால் அவர்கள் பேச்சும் துண்டு துண்டாகத்தான் நடக்கும். நெருங்கும்போது ஒரு வரி, விலகும்போது மௌனம்.

"நேத்து தரை துடைச்சார்" என்றாள் நெருங்கி வந்து.

நெட்டை விரிப்போடு பின்னால் போனாள். மெஷின் சத்தம். திரும்பி வந்தாள். "யாரு? செக்கரா?"

"ஆமா."

இழுத்தார்கள். நெருங்கினார்கள்.

"அக்கா, ஆம்பளை காரணம் இல்லாம துடைப்பத்தைத் தொடமாட்டான். ஒண்ணு தப்பு பண்ணியிருக்கணும், இல்ல பண்ணப் போகணும்."

"அவர் அப்படிப்பட்டவர் இல்லடி."

"எல்லாரும் அப்படிப்பட்டவங்க இல்லதான். அப்புறம் திடீர்னு அப்படிப்பட்டவங்க ஆயிடறாங்க."

அன்று மாலை அவருடைய சீருடைப் பையில் அவள் கை விட்டது பழக்க தோஷத்தால் அல்ல. பேனா இருந்தது. கிழித்த டிக்கெட் இரண்டு இருந்தது. வேறு ஒன்றும் இல்லை. சட்டையை முகர்ந்து பார்த்தாள். பஸ் புகையும் அவருடைய வியர்வையும்தான். நிம்மதி வரவேண்டிய இடத்தில் வரவில்லை. இவ்வளவு சுத்தமாக ஒரு மனுஷன் பையை வைத்திருப்பானேன் என்று தோன்றியது.

வேலை போயிருக்குமோ என்று அடுத்த யோசனை. ஒருநாள் அனுமதி கேட்டு முன்னதாகக் கிளம்பி, அவர் வழக்கமாகப் போகும் தடத்தில் பஸ் ஏறினாள். மூன்றாவது நிறுத்தத்தில் அவரே ஏறினார். படிக்கட்டில் நின்றவனிடம் டிக்கெட் கேட்டுச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார். வேலை பத்திரமாகத்தான் இருந்தது. அவர் கண்ணில் படுவதற்குள் முன்வாசல் வழியாக இறங்கிவிட்டாள்.

மகளிடம் போனில் சொன்னாள். மகள் சிரித்தாள். "அப்பா மாறிட்டாரும்மா. சந்தோஷப்பட்டுட்டுப் போயேன். எதுக்கு நோண்டற?"

"உன் வீட்டுக்காரர் நாளைக்குக் காலைல எழுந்து பாத்திரம் கழுவினா நீ சந்தோஷப்படுவியா?"

"முதல்ல அவர் போனை எடுத்துப் பாப்பேன்" என்றாள் மகள்.

இதற்கிடையில் அவர் புதிதாகச் சில கேள்விகள் கேட்க ஆரம்பித்தார். உனக்கு மயக்கம் ஏதாவது வருதா? மாடி ஏறினா மூச்சு வாங்குதா? ராத்திரி நல்லாத் தூங்கறியா? அதற்குச் சில வாரங்கள் முன்னால்தான் ஆஸ்பத்திரியில் ஊழியர்களுக்கெல்லாம் உடம்பு பரிசோதனை நடந்திருந்தது. ஒன்றுமில்லை, போங்க என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். ஆனால் ஆஸ்பத்திரிக்குள்ளேயே காலம் தள்ளியவளுக்கு அங்கே நடப்பது தெரியாதா? பெண்ணுக்குப் பெரிய வியாதி என்றால் அவளை வெளியே உட்காரவைத்துவிட்டுக் கணவனைத்தான் உள்ளே கூப்பிடுவார்கள். அவன் வெளியே வந்து சிரிப்பான். அந்தச் சிரிப்பை அவள் தாழ்வாரத்தில் எத்தனையோ முறை பார்த்திருக்கிறாள்.

இரண்டு நாள் சாவை நினைத்துக்கொண்டே விரிப்பு மடித்தாள். மூன்றாம் நாள் ஊழியர் பிரிவு டாக்டரம்மாவின் அறைக்குப் போய் நின்றாள்.

"எங்கிட்ட மறைக்காதீங்கம்மா. எங்க வீட்டுக்காரர்கிட்ட சொன்னதை எங்கிட்டயும் சொல்லிடுங்க."

"உங்க வீட்டுக்காரரை நான் பாத்ததே இல்லையே."

"அப்புறம் எதுக்கு அவர் டீ போடறாரு?"

டாக்டரம்மாவுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் சிரிப்பை அடக்க முடியவில்லை. முடிவுகளை மறுபடி எடுத்துப் பார்த்து, இரத்தம், நெஞ்சு, எல்லாம் நன்றாக இருக்கிறது என்று சொன்னாள். "என்னைவிட நீங்க நல்லா இருக்கீங்க. புருஷன் நல்லவரா இருக்கறதுக்கெல்லாம் எங்கிட்ட மருந்து இல்லம்மா."

அப்படியானால் கடைசியில் மிச்சம் இருந்தது ஒன்றுதான். அதற்கும் எதிர்வீட்டம்மாதான் எண்ணெய் ஊற்றினாள். "உங்க வீட்டுக்காரர் வியாழக்கிழமை ஆனா ஒரு பையைத் தூக்கிட்டுக் கிளம்பிடறாரே, எங்கே போறாரு?"

வியாழன் அவருக்கு வார விடுமுறை. வீட்டில் படுத்திருப்பார் என்றுதான் அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தை சொன்னதில்லை.

அடுத்த வியாழன் அவள் வழக்கம்போல் வேலைக்குக் கிளம்பினாள். ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. தெருமுனை மருந்துக்கடையின் மறைவில் நின்றாள். கொஞ்ச நேரத்தில் அவர் வந்தார். துவைத்த சட்டை, வாரிய தலை, கையில் பை. பின்னாலேயே போனாள். சந்தைத் தெருவில் முட்டை வாங்கினார். கீரைக் கட்டை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்த்து வாங்கினார். அவள் வீட்டுக்கு ஒரு கட்டு கீரை வாங்கிவர இந்த மனுஷனிடம் எத்தனை தடவை கெஞ்சியிருப்பாள். யாரோ ஒருத்திக்கு முகர்ந்து பார்த்து வாங்குகிறார். அந்த நிமிஷம் அவளுக்கு அழுகை வரவில்லை. கையில் எதையாவது வைத்து அடிக்க வேண்டும்போல் இருந்தது.

பணிமனைக்குப் பின்னால் இருந்த பழைய வீடுகளில் ஒன்றுக்குள் அவர் நுழைந்தார். கதவைச் சாத்தவில்லை. அவள் என்ன சொல்வது, யாரை முதலில் கேட்பது என்று கூட யோசிக்காமல் நேரே உள்ளே போனாள்.

கணவர் அடுப்பு முன் நின்று முட்டையை உடைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் எண்ணெய்க் குப்பியைப் பிடித்துக்கொண்டு டிரைவர் நின்றார். அவள் கணவர் வேலை பார்க்கும் பணிமனையிலேயே பல வருஷமாகப் பஸ் ஓட்டுகிறவர். மனைவி இறந்து கொஞ்ச மாதம் ஆகியிருந்தது. துக்கத்துக்கு அவளும் வந்திருந்தாள்; அன்று பந்தலும் கூட்டமுமாக இருந்த வீடு இதுதான் என்று இப்போதுதான் உறைத்தது. ஆளே பாதியாகிவிட்டிருந்தார். மனைவி இருந்தவரை சலவை மடிப்புக் கலையாமல் வருகிற மனிதர். இப்போது போட்டிருந்த வெள்ளைச் சட்டை முழுக்கத் திட்டுத் திட்டாக ரோஜா நிறம். சிவப்புத் துணியோடு சேர்த்துத் துவைத்திருக்கிறார். தொழில்காரி கண் அதைத்தான் முதலில் பார்த்தது.

"வா தங்கச்சி" என்றார் டிரைவர். அவளுடைய கணவர் கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டார்.

"என்ன நடக்குது இங்க?" என்று கேட்டாள்.

டிரைவர்தான் பேசினார். "உனக்கு இவன் சொல்லலையா? நாங்க ரெண்டு பேரும் சமையல் பழகறோம். எனக்கு அவசியம். இவனுக்குப் பயம்." சொல்லிவிட்டு ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தார். "அவ போன அன்னைக்கு வீடு நிறைய ஆளுங்க. யாரோ டீ போடலாம்னாங்க. சர்க்கரை எங்கன்னு என்னைக் கேட்டாங்க. எனக்குத் தெரியல தங்கச்சி. என் வீட்டுல சர்க்கரை எங்க இருக்குன்னு எனக்குத் தெரியல. கேக்கலாம்னு அவ படுத்திருந்த ரூமுக்கு நான் பாட்டுக்குப் போயிட்டேன். போய் நின்னப்புறம்தான்..." மேலே சொல்லாமல் எண்ணெய்க் குப்பியின் மூடியைத் திருகினார். "இவன் அப்போ என் பின்னாடியே நின்னான்."

அவள் உட்கார்ந்தாள். டிரைவருக்காக மனம் இளகியது. அவர்கள் கருக்கிய முட்டையை மூவரும் சாப்பிட்டார்கள். சட்டையை எப்படி ஊறவைத்தால் நிறம் போகும் என்றும் சொல்லிக்கொடுத்தாள்.

வீட்டுக்கு நடந்து வரும்போது அவர் ஒரு அடி முன்னால் போனார். வேறொருத்தி இல்லை, வியாதி இல்லை, வேலையும் இருக்கிறது. பெருமூச்சு விட்டிருக்கலாம். பாதித் தெரு கடந்த பிறகுதான் விஷயம் முழுசாக உள்ளே இறங்கியது.

"அப்போ, முதல்ல போகப்போறது நான்தான்னு முடிவு பண்ணிட்டீங்க."

அவர் நின்றார். "அப்படி இல்ல."

"வேற எப்படி?"

"நான் போனா நீ சமாளிச்சுக்குவ. உனக்கு எல்லாம் தெரியும். நீ போயிட்டா நான் என்ன பண்றது? டிரைவர் நிலைமையைப் பாத்தல்ல?"

அவர் சொன்னது அத்தனையும் நிஜம். அந்த நிஜத்தில் அவள் எங்கே இருக்கிறாள் என்று தேடிப் பார்த்தாள். தினமும் எழுந்து டீ போட்ட ஒவ்வொரு காலையும் அந்த மனுஷன் அவளைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு, அவள் இல்லாத வீட்டில் ஒத்திகை பார்த்திருக்கிறார். மயக்கம் வருதா என்று கேட்டதும் அதற்குத்தான். எவ்வளவு காலம் கையில் இருக்கிறது என்று கணக்குப் போட்டிருக்கிறார். வேறொருத்தி இருந்திருந்தால் அவள் முடியைப் பிடித்தாவது ஆத்திரத்தைத் தீர்த்திருக்கலாம். இதில் யார் முடியைப் பிடிப்பது?

நெட்டையிடம் சொன்னாள். நெட்டை விரிப்பைப் பிடித்தபடியே நின்றுவிட்டாள். "அய்யோ அக்கா. இதுக்கு அவர் தப்பே பண்ணியிருக்கலாம்."

சரி, எந்தக் காரணத்தாலோ, செய்கிறாரே என்று அவள் மனதைத் தேற்றிக்கொள்ளப் பார்த்தாள். அதற்கும் வழி இல்லாமல் போயிற்று. ரகசியம் உடைந்த சில வாரங்களில் டீ நின்றது. துணி மறுபடி அவள் வருகிறவரை ஊறியது. ஒரு மாலை அவர் நாற்காலியில் உட்கார்ந்து பழையபடி கையை நீட்டினார்.

"நீங்கதான் டீ போடுவீங்களே?"

"அதான் கத்துக்கிட்டேனே" என்றார் அவர், கொஞ்சமும் கள்ளம் இல்லாமல். "பரீட்சை முடிஞ்சப்புறமும் தினமும் படிச்சுக்கிட்டே இருப்பாங்களா?"

அவள் அன்று டீ போட்டுக் கொடுத்தாள். மறுநாள் முழுவதும் மடிக்கிற மேஜையில் யோசித்தாள். சாயங்காலம் வந்து, செருப்பைக் கழற்றாமலே அவர் எதிரில் நின்றாள்.

"பாஸாயிட்டோம்னு நீங்களே சொல்லிக்கறீங்க. யாரு திருத்தினது?"

"எதை?"

"நான் பக்கத்துல இருக்கும்போது செஞ்சீங்க. உப்பு போதுமான்னு கேட்டீங்க, சொன்னேன். அடுப்பைக் குறைக்கணுமான்னு கேட்டீங்க, சொன்னேன். நான் இல்லாதப்ப இந்த வீட்டுல தனியா செஞ்சு பாத்ததே இல்லையே."

"நீ எங்க போகப்போற?"

"வியாழக்கிழமை நான் செத்துட்டேன்னு வெச்சுக்கோங்க."

"என்ன பேச்சு இது."

"நீங்க ஆரம்பிச்ச பேச்சுதான். வாரம் ஒரு நாள். காலைலேர்ந்து படுக்கிறவரைக்கும். வேலைக்குப் போவேன், வருவேன். வீட்டைப் பொறுத்தவரை நான் இல்ல."

விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று அவர் நினைத்தார். முதல் வியாழன் சாயங்காலம் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவள் கட்டிலில் படுத்துக் கால்மேல் கால் போட்டுக்கொண்டு கூரையைப் பார்த்தாள். சமையலறையிலிருந்து அவர் குரல் வந்தது. "பெரிய கரண்டி எங்க?" பதில் இல்லை. "உன்னைத்தான் கேக்கறேன்." பதில் இல்லை. வாசலில் வந்து நின்று பார்த்தார். அவள் கண் திறந்துதான் இருந்தது. திரும்பிப் போனார். பாத்திரங்கள் உருண்டன. ஏதோ பொங்கி வழிந்து அடுப்பு அணைகிற சத்தம் கேட்டது. செத்தவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சுவர்ப் பக்கம் புரண்டு படுத்தாள்.

படுத்திருப்பதுதான் கஷ்டம் என்று அடுத்த வாரம் தெரிந்தது. தீய்கிற வாசனை வந்தால் கால் தானாக எழுந்தது. ஆகவே வெளியே போய்விடுவது என்று முடிவு செய்தாள். எங்கே போவது? கடைக்குப் போகலாம், வாங்க ஒன்றும் இல்லை. தெரிந்தவர் வீட்டுக்குப் போனால் என்ன விஷயம் என்பார்கள். காரணமே இல்லாமல் அவள் எங்கும் போய்ப் பழகியதில்லை. நடந்தாள். பெரிய விளையாட்டு மைதானம் வந்தது. ஓரத்தில் சிமெண்ட் படிக்கட்டு. பந்து விளையாடுகிறவர்கள், ஓடுகிறவர்கள், வேலை முடிந்து வந்து சும்மா உட்கார்ந்து பேசுகிற ஆண்கள். வறுத்த கடலை ஒரு பொட்டலம் வாங்கிக்கொண்டு மேல் படியில் உட்கார்ந்தாள். முதலில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். யாருக்காகவோ காத்திருக்கிறாள் என்று அவர்கள் நினைப்பது தெரிந்தது. அவளும் யாருக்காகவோ காத்திருப்பதுபோல் அடிக்கடி வாசலைப் பார்த்து வைத்தாள். மூன்று நான்கு வியாழன் போன பிறகு அந்த நடிப்பை விட்டாள்.

நெட்டையும் ஆசைப்பட்டு ஒரு செவ்வாய்க்கிழமை செத்துப் பார்த்தாள். அவள் கணவன் அரை மணி நேரம்கூடத் தாங்கவில்லை. பிள்ளைகளை இழுத்துக்கொண்டு அம்மா வீட்டுக்குச் சாப்பிடப் போய்விட்டான். "மாமியார் போன் பண்ணாங்கக்கா" என்றாள் நெட்டை விரிப்பை உதறியபடி. "'ஏம்மா, செத்துட்டியாமே, எப்ப எழுந்திரிப்ப'ன்னு கேட்டாங்க." இருவரும் சிரித்ததில் விரிப்பு கை நழுவித் தரையில் விழுந்தது. மறுபடி துவைக்கப் போட வேண்டியதாயிற்று. அதற்கப்புறம் நெட்டை சாகவில்லை.

செக்கர் மட்டும் தாக்குப்பிடித்தார். பிடிக்கவில்லை என்றாலும், டிரைவர் நினைவு வந்தால் பயந்துகொண்டு செய்தார். சாப்பிடும்படியாகவே செய்தார். வியாழன் இரவு அவள் வரும்போது சோறு மூடியிருக்கும், பாத்திரம் கழுவியிருக்கும், துணி உலர்ந்திருக்கும். அதையெல்லாம் அவள் ஒருமுறை கண்ணால் சுற்றிப் பார்த்துக்கொள்வாள். எதிர்வீட்டம்மாவைக் கூப்பிட்டுச் செய்யவைத்தாரோ என்று பாத்திரத்தின் அடியைக்கூடத் திருப்பிப் பார்த்திருக்கிறாள். அடியில் கரி அப்படியே இருந்தது. அவர்தான் கழுவியிருக்கிறார்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு வந்து நின்றார்.

"நேத்து உன்னை மைதானத்துல பாத்தானாம் டிரைவர்."

"பாத்திருப்பார்."

"அங்க என்ன பண்ற?"

"உக்காந்திருக்கேன்."

"யாரோட?"

"யாரோடயும் இல்ல. தனியா."

"தனியா உக்காந்து என்ன பண்ணுவ?"

"ஒண்ணும் பண்ணமாட்டேன். சும்மா இருப்பேன்."

அவர் அவளையே உற்றுப் பார்த்தார். வேலையில் சேர்ந்த நாளிலிருந்து பயணிகளிடம் எத்தனை விதமான பொய்யைக் கேட்டிருக்கிறார். பையில் இருந்தது, காற்றில் பறந்துபோயிற்று, இப்போதுதான் ஏறினேன் என்று. அவற்றில் பலவற்றை அவர் பாவம் பார்த்து நம்பியதும் உண்டு. இதைத்தான் நம்ப முடியவில்லை. சீருடையை மாட்டிக்கொண்டு வாசல்வரை போனவர் திரும்பி வந்து, "உண்மையைச் சொல்லு" என்று இன்னொரு தடவை கேட்டார்.